பாவசங்கீர்த்தனம் செய்யாத ஒப்பந்தங்கள்

நவம்பர் மாதம் பிறப்பதற்கு முன்பே நம் பங்குகளில் மரித்தோர் பெயர்ப் பட்டியல் தயாராகத் தொடங்கிவிடும். காணிக்கை உறையும் வெற்றுத் தாளுமாக வீடு வீடாகச் சென்று பெயர்களை வாங்கி வருவது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், பவானிசாகர் அணைப் பகுதியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்த ஒரு தாய், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கணவரின் பெயரை எழுதியாயிற்று. அடுத்த வரிக்குப் பேனா இறங்கவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, என்ர மகன்ர பேரை இதில எழுதலாமோ? அவன் செத்திட்டான் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இருக்கிறான் எண்டும் சொல்லேல்லை."

2006ஆம் ஆண்டில் வெள்ளை நிற வாகனம் ஒன்றில் வந்தவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அதன் பின்னரே அவர் கடல் கடந்து இராமேசுவரம் வந்தார். நாம் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2006இல் சட்டப்படி அந்த நாட்டில் போர் இல்லை. 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தம், 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகும் வரை, ஏட்டில் உயிரோடுதான் இருந்தது. அந்தத் தாயின் மகன் காணாமற்போனது அமைதிக் காலத்தில்.

அன்று திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது இதுபற்றிப் பேச்சு எழுந்தது. நம்மிடையே படித்தவர், இரக்கமுள்ளவர், முகாமுக்குப் பலமுறை உதவியவர் ஒருவர் சொன்னார்: "கையெழுத்துப் போட்ட பொறவும் அடிச்சுக்கறாங்கன்னா, அவுங்களுக்கு என்னதானுங்க வேணும்?" சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். நாமும் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைய மௌனத்தின் கடனைத்தான் இப்பொழுது தீர்க்க முற்படுகிறோம்.

அந்தக் கேள்வி ஒரு தீர்ப்பைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது. அமைதி என்னும் பொருளை யாரோ தட்டில் வைத்து அந்த மக்களிடம் கொடுத்தார்கள், அதை அவர்கள் தட்டிவிட்டார்கள் என்பதே அத்தீர்ப்பு. உலகில் எங்கே உடன்படிக்கைக்குப் பின்னும் இரத்தம் சிந்தினாலும், சிந்துகிறவர்களையே குற்றவாளிகளாக்கிவிட்டு நாம் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடலாம். ஆனால் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று நாம் பார்த்ததுண்டா?

1987ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். மறுநாளே, அணிவகுப்பு மரியாதையின்போது, இலங்கைக் கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவ் காந்தியைத் தாக்கினான். அந்தப் படத்தை நம் தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. தாக்கியவனின் வெறியைப் பற்றிப் பேசினோமே அன்றி, கையெழுத்திட்ட இருவரில் எவருமே அந்தப் போரில் பிள்ளையை இழந்தவர் அல்லர் என்பதைப் பற்றிப் பேசவில்லை. போரிட்ட இயக்கம் கையெழுத்திடவில்லை. வட கிழக்கின் தமிழர்கள் கையெழுத்திடவில்லை. கிழக்கின் முஸ்லிம்கள் கையெழுத்திடவில்லை. தெற்கின் சிங்கள உழவர்களிடமும் எவரும் கேட்கவில்லை. கொழும்பில் ஊரடங்குச் சட்டத்தின் நடுவே கையெழுத்தானது அந்த அமைதி.

ஒப்பந்தத்தின் வாசகங்கள் இன்னும் வியப்பானவை. 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும். 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். சிறையில் இருப்போருக்கும் ஆயுதம் ஏந்தியோருக்கும் பொதுமன்னிப்பு. இணைப்பாகப் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் பற்றி வரிகள் உண்டு. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகள் பற்றி உண்டு. அயல்நாட்டு வானொலி நிலையங்கள் பற்றியும் உண்டு. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் அடித்துக் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகள் பற்றி ஒரு வரியும் இல்லை. எவர் வாயில் திறந்துவிட்டார், எவர் கத்தி கொடுத்தார் என்று விசாரிக்கும் ஏற்பாடும் இல்லை. எண்ணெய்த் தொட்டிக்குக் கிடைத்த கவனம் செத்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் வன்முறைகளை ஆராய அந்த நாட்டில் ஓர் உண்மை ஆணையம் அமைந்தது 2001ஆம் ஆண்டில்தான். பதினெட்டு ஆண்டுகள்! பிறந்த குழந்தை வாக்காளன் ஆகும் காலம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. செப்டம்பர் 26 அன்று உண்ணாநோன்பில் திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்தவர்களில் 12 பேர் சயனைடு அருந்தி மாண்டனர். அக்டோபர் 10 அன்று, அமைதி காக்கச் சென்ற படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் படை திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். தெற்கே ஜே.வி.பி. இயக்கம் அதே ஒப்பந்தத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக் கொலைகளில் இறங்கியது. அதை ஒடுக்குவதாகச் சொல்லி அரசுப் படைகள் பல்லாயிரம் சிங்கள இளைஞர்களைக் கொன்றன. ஆற்றில் பிணங்கள் மிதந்தன, சாலையோரங்களில் டயர்களில் எரிந்தன. கையெழுத்திட்ட இருவரில் ஒருவரை 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில், நம் மண்ணிலேயே, புலிகளின் மனிதக் குண்டு பலி கொண்டது. ஆக, ஒரு போரை நிறுத்த எழுதிய தாள் பல போர்களுக்கு வாசலானது.

"யார் முதலில் மீறினார்?" என்று கேட்டு வாதிடுவதில் நம் தமிழ் மேடைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டிருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்துகொண்டது. ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன, எங்கே போயின?

நம் கொங்கு மண்ணும் இதில் கைகழுவ முடியாது. மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியின் மலையடிவாரத்தில் 1980களில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. இந்திய அரசே பல இயக்கங்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் கொடுத்தது. தமிழகக் கட்சிகள் ஆளுக்கோர் இயக்கத்தைத் தத்தெடுத்தன. பிறகு அதே அரசு ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னது. அமைதிப் படை திரும்பும் வேளை நெருங்கியபோது, ஊர் ஊராக இளைஞர்களைப் பிடித்துத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரில் துப்பாக்கி கொடுத்து நிறுத்திவிட்டு வந்தது. அவர்களில் பலர் மீசை அரும்பாதவர்கள். மறுபுறம் பிரேமதாசாவின் அரசோ, இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் வழங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது கிழக்கில் சரணடைந்த அறுநூறுக்கும் மேற்பட்ட காவலர்களைப் புலிகள் கொன்றார்கள். உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள், கையெழுத்திடாதவர்கள் ஆகிய எல்லோருமே அடுத்த போருக்கான துப்பாக்கியை மேசைக்கு அடியில் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழர் நாம் சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும், சுமார் 75,000 பேர், சில நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. 2019ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம் ஆலயங்களில் குண்டு வெடித்தபோது நாம் மெழுகுதிரி ஏற்றினோம். ஏற்றியது சரிதான். காத்தான்குடிக்காக நம் பங்குகளில் ஒரு திரி எரிந்ததா? தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மட்டுமே எண்ணிக்கொள்கிற சமூகத்திடம் எந்த ஒப்பந்தமும் நிலைக்காது.

மக்களைக் கேளாமல் மக்களைப் பற்றி எழுதும் பழக்கம் 1987இல் தொடங்கியதும் அன்று. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாட்டில், மலையகத் தோட்டத் தொழிலாளர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் 1968இல் தொடங்கப்பட்டதே இப்படி வந்து இறங்கியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுடைய பேரப் பிள்ளைகளை இன்றும் சிலர் 'சிலோன்காரர்' என்றே அழைக்கிறார்கள். இது துப்பாக்கி வன்முறை அன்று, ஆயினும் ஒப்பந்தம் பெற்றெடுத்த வன்முறையே.

இவ்விடத்தில் நம் பழைய ஞானோபதேசத்தை நினைவுகூர விரும்புகிறோம். ஒப்புரவு அருளடையாளம் என்று இன்று சொல்வதை நம் பாட்டிமார் பாவசங்கீர்த்தனம் என்றார்கள். அது நன்றாக அமைய ஐந்து காரியங்கள் வேண்டும் என்று விரல்விட்டு எண்ணி ஒப்பிக்க வைத்தார்கள். செய்த பாவத்தை ஆராய்ந்து பார்ப்பது, அதற்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது, வாய்விட்டுச் சொல்வது, விதித்த பரிகாரத்தை நிறைவேற்றுவது. பத்து வயதுச் சிறுவனிடம் ஐந்தையும் கேட்கிற நாம், இரண்டு அரசுகள் ஐந்தில் ஒன்றுகூடச் செய்யாமல் நேராகப் பாவமன்னிப்புக்குப் போய் நின்றபோது கைதட்டினோம். 1987 ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி இல்லை, வருத்தம் இல்லை, அறிக்கை இல்லை. பொதுமன்னிப்பு மட்டும் இருந்தது. அடிபட்டவனைக் கேட்காமல் அடித்தவனை மூன்றாவது ஆள் மன்னித்த கதை அது.

திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குப் பாவமன்னிப்பு பலிக்குமா என்று கேட்டால் நம் உபதேசியார் சிரிப்பார். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியவுடன் தோத்திரம் பாடவில்லை, நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கணக்குச் சொன்னான். வன்முறை நிகழ்ந்த நாட்டில் கணக்கு என்பது நிலம், வீடு, எலும்பு, பெயர். படைமுகாம் ஆகிவிட்ட தன் தென்னந்தோப்புக்கு வெளியே முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் போர் முடிந்த தேதி எது? 1987 நவம்பரில் இலங்கை அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குக் காணி அதிகாரமும் காவல்துறை அதிகாரமும் உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. அவை இன்றுவரை முறையாகக் கைமாறவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுத் தராமல் வைத்திருப்பதும் ஒருவகை ஆயுதக் கிடங்கே.

நமக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 'முதலில் துப்பாக்கி ஓயட்டும். நீதியைப் பிறகு பேசலாம். இப்பொழுதே கணக்குக் கேட்டால் எவனும் கையெழுத்திட மாட்டான். அதற்குள் இன்னும் ஆயிரம் பேர் சாவார்கள்.' இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். 2002இல் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபோது, பல ஆண்டுகள் பிரிந்திருந்த தாய் பிள்ளைகள் சந்தித்தார்கள். மடுமாதா திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வந்தார்கள். குண்டு விழாத ஓர் இரவு என்பது, குண்டு விழுந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் கொடை. அந்தக் கொடையை அற்பமென்று எழுத நமக்கு உரிமையில்லை.

ஆயினும் அந்த 'பிறகு' எப்பொழுதாவது வந்ததா? 1995 ஜனவரி 8 முதல் சந்திரிகா அரசும் புலிகளும் மோதலை நிறுத்தினார்கள். அந்த அமைதியின் நடுவே, ஜனவரி 21 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளாருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். வெயிலில் நின்ற அந்தப் பெருங்கூட்டம் போர் முடிந்தது என்றே நம்பியிருக்கும். ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்களைப் புலிகள் தகர்த்தார்கள். ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது அரசின் விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பட்டமளிப்புக்கும் குண்டுவீச்சுக்கும் இடையே ஆறு மாதங்கூட முழுமையாகவில்லை.

2002 ஒப்பந்தத்தின் கதையும் இதுவே. இரு தரப்பும் எல்லைக் கோட்டை மதித்தபோதும், கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்ந்த தனிமனிதருக்குப் பாதுகாப்பில்லை. புலிகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள், மாற்றுக் கருத்தினரைச் சுட்டார்கள். 2005 கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் நற்கருணை வாங்கிய சற்று நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோவிலின் உள்ளே, குடிலுக்கு முன்னே! சந்தேகத்தின் பேரில் கைதானவர்கள் 2021இல் விடுவிக்கப்பட்டார்கள். கொன்றவர் எவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டு 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குக்குரு ஜிம் பிரவுன் அடிகளார் தம் உதவியாளருடன் காணாமற்போனார். நம் பவானிசாகர்த் தாயின் மகன் போனதும் அதே ஆண்டில்தான். நீதியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த நாட்டில், ஒவ்வொரு கொலைகாரனும் தெளிவாகக் கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. கேட்க ஆளில்லை என்பதே அது. ஒப்பந்தத்துக்கு முன் கேட்க ஆளில்லை, பின்னும் கேட்க ஆளில்லை. பிறகு அவன் ஏன் நிறுத்த வேண்டும்?

கடல் கடந்தும் பார்க்கலாம். குவாத்தமாலாவில் 36 ஆண்டுப் போர் 1996 டிசம்பர் 29 அன்று உடன்படிக்கையால் முடிந்தது. அதற்கு முன்பே அந்நாட்டுத் திருச்சபை, பங்கு பங்காகச் சென்று பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆயர் ஹுவான் ஹெரார்தி 1998 ஏப்ரல் 24 அன்று பேராலயத்தில் அறிக்கையை வெளியிட்டார். குற்றத்தின் பெரும் பங்கு அரசுப் படைகளுடையது என்றது அறிக்கை. இரண்டு நாள் கழித்து, தம் பங்கு இல்லத்தில், சிமெண்டுக் கல்லால் தலை நசுக்கப்பட்டு அவர் கொல்லப்பட்டார். 2001இல் இராணுவத்தைச் சேர்ந்த மூவரும், உடந்தையாக ஒரு குருவும் தண்டனை பெற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அங்கே உடன்படிக்கையை மீறியவர் ஆயர் அல்லர். தாளில் எழுதாமல் விட்ட பக்கத்தை அவர் எழுதினார், அவ்வளவே. எல் சால்வதோரில் 1992 உடன்படிக்கைக்குப் பின் உண்மை ஆணையம் 1993 மார்ச் 15 அன்று அறிக்கை தந்தது. ஐந்தே நாட்களில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றிக் கோப்பை மூடியது. அச்சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்த நாட்டுத் தெருக்கள் இளைஞர் கும்பல்களின் கைக்குப் போய், உலகில் கொலைகள் மிகுந்த நாடுகளில் ஒன்றாக அது பெயரெடுத்தது.

வட அயர்லாந்தைக் காட்டி நம்மை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கொலைக் குற்றவாளிகளையும் இரண்டே ஆண்டில் விடுவித்தார்களே, ஆயினும் அமைதி நிலைத்ததே என்பார்கள். உண்மைதான். 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளியன்று உடன்படிக்கை, ஆகஸ்டு 15 அன்று ஓமாவில் குண்டு, 29 பேர் பலி. கையெழுத்துக்குப் பின் அங்கும் இரத்தம் சிந்தியது. ஆனால் உடன்படிக்கை சாகவில்லை. ஏனெனில் அது தலைவர்களின் தாளாக மட்டும் இருக்கவில்லை. மே 22 அன்று வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் வாக்களித்து அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு சமூகத்தின் கையாள் என்று கருதப்பட்ட காவல்துறை மாற்றப்பட்டு 2001இல் புதியதாக அமைந்தது. 2005இல் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தபோது, அலெக் ரீட் என்ற கத்தோலிக்கக் குருவும் ஹாரல்டு குட் என்ற மெதடிஸ்டுப் போதகரும் நேரில் நின்று சாட்சியம் சொன்னார்கள். நம் குருக்களை எத்தனையோ திறப்பு விழாக்களுக்கு அழைக்கிறோம், இப்படியொரு வேலைக்கு எவரும் அழைத்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லும் பகுதி அங்கும் இன்னும் பாக்கிதான். அதனால்தான் அங்குள்ள தாய்மாரும் இன்றுவரை நீதிமன்றப் படிக்கட்டில் நிற்கிறார்கள்.

தொலைவில் இருப்பவர்களைப் பற்றியே எழுதி முடித்துவிட்டால் நாமும் அந்த முற்றத்து அன்பரைப் போலவே ஆகிவிடுவோம். கொங்கு நாட்டில் நமக்குப் பழகிய உடன்படிக்கை ஒன்று உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் முன்னிலையிலோ நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தை. ஒருபுறம் ஊரே வந்து நிற்கும். மறுபுறம் அடிபட்டவர்கள் நாலு பேர் நிற்பார்கள். "இனிமே பிரச்சனை வேண்டாம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்பார் அதிகாரி. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தாளில், ஒரே அளவு இடத்தில், கையெழுத்திடுவார்கள். சட்டம் ஒழுங்கு காப்பாற்றப்பட்டுவிடும்.

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகனைக் கொண்டு இப்படித்தான் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்திய கூட்டத்துக்கு அது வெற்றி. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்ததை உலகமே படித்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்த உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்கு முன், அந்த 'அமைதி' ஏற்பட்டு ஐந்து மாதம் கழித்து, 2015 ஜூன் 23 அன்று, அதே திருச்செங்கோட்டு மலைக்கோவிலிலிருந்து கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் நிகழ்ச்சிதான் இரண்டாவதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்று நம்மிடம் இல்லை. ஆனால் கூட்டம் சேர்த்து மிரட்டினால் அரசே மேசை போட்டுக் கையெழுத்து வாங்கித் தரும் என்று ஒரு வட்டாரம் ஜனவரியில் பார்த்தது. அதைப் பார்த்தவர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

கோவை நகரத்தார்க்கு வேறொரு நினைவும் உண்டு. 1997 நவம்பர் 29 அன்று காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த இரு நாட்களில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பின்னர்க் கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின. 77 நாட்கள் கழிந்து 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. குண்டு வைத்தவர்களின் குற்றத்தை எந்த முன்கதையும் குறைக்காது. அந்த 77 நாட்களில் உக்கடத்துக்கும் கோட்டைமேட்டுக்கும் இழவு கேட்கச் சென்ற கிறிஸ்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஊர் அடங்கியிருக்கிறது என்று நாம் நிம்மதியடைந்தோம். அடங்கியிருப்பது வேறு, ஆறியிருப்பது வேறு என்று புண்ணுக்குக் கட்டுப்போடும் செவிலிக்குத் தெரியும்.

நம் பங்குகளிலும் சமாதானம் என்றால் பேசாமல் இருப்பது என்றே பொருள் ஆகிவிட்டது. திருப்பலியில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்புகிறோம். யாருடைய நிலத்தை வளைத்தோமோ, யாருடைய பெண்ணை ஊரைவிட்டு விரட்டினோமோ, அவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பதில்லை. காணிக்கையை பீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் உறவைச் சரிசெய்துகொள் என்ற ஆண்டவரின் சொல்லை நாம் தலைகீழாக்கிக்கொண்டோம். காணிக்கையைப் போட்டுவிடுகிறோம். போவதுதான் இல்லை.

இலங்கைக்குத் திரும்புவோம். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசு ஆணையத்தின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசு அலுவலகங்களே பதிவுசெய்திருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிவதற்குள் அரசின் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கழித்தலின் விடையை விளக்குங்கள் என்றுதான் கேட்டார். அதற்காக அவரைப் புலி என்றார்கள். 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் இறக்கும் வரை விடை வரவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அமர்ந்தார்கள். அவர்களுள் பலர் பிள்ளையைப் பற்றிய செய்தி அறியாமலே கண்மூடிவிட்டார்கள்.

'கையெழுத்துப் போட்ட பொறவும்' என்று கேட்ட நம் அன்பருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். அந்தத் தாய் எதிலும் கையெழுத்திடவில்லை ஐயா. அவரிடம் எவரும் தாளை நீட்டவே இல்லை. அவர் வாழ்நாளில் அவரிடம் நீட்டப்பட்டவை அகதி அடையாள அட்டைக்கான படிவமும், நம் மரித்தோர் பட்டியலுமே.

அன்று நாம் அவருக்கு விடை சொல்லத் தெரியாமல் விழித்தோம். அவரே ஒரு முடிவுக்கு வந்தார். கணவர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அதற்கும் கீழே தம் தாய் தந்தையர் பெயர்களை எழுதி, மடித்துத் தந்தார். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் அந்த வெற்று வரியைப் பிழை என்று எண்ணி, பெயர்களை நெருக்கி அமைத்துவிட்டார். நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் வாசித்தபோது மூன்று பெயர்களும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டன.